தேய்ந்த நாடா

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இரண்டு. முன்னால் இருப்பதில் 'போட்டோக்கொப்பி, லெமினேட்டிங், ரீலோட்' என்று சிவப்பு எழுத்து. அதன் முதுகுக்குப் பின்னால், உப்புக்காற்றில் துருவேறிய தகரத்தில் 'றெக்கோடிங் பார்'. பழையதைக் கழற்ற மனம் வராமல் கடைக்காரர் புதியதை அதன்மேல் அறைந்துவிட்டார் போலும். திருகோணமலை உட்துறைமுக வீதியை அண்டிய ஒழுங்கை அது. எதிரே தேநீர்க் கடை வாங்கில் கொஞ்சம் சரிந்து இருந்தால் இரண்டு பலகையும் தெரியும்.

அந்த வாங்கில் மாலை ஐந்து மணிக்கு இஞ்சிப் பிளேன்டீயோடு இருப்பவன் நான். அவரோடு இதுவரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவர் கதைக்கும்போது இன்னொருவருக்கு இடம் இருப்பதும் இல்லை.

அறுபதைத் தாண்டியவர். சாரம், கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பென்சில். கணக்கு எழுதப் பேனை வேறாக இருக்கிறது. பென்சில், கசெட் சுற்றுவதற்கு. ஆறு பட்டைப் பென்சில் கசெட்டின் பல்லுக்குள் இறுக்கமாகப் போய் உட்காரும். கசெட் கொண்டு வருகிறவர் எவரையும் நான் கண்டதில்லை. பென்சில் மட்டும் நாள் தவறாமல் பையில் இருக்கிறது.

மேல் தட்டில் கசெட்டுகள், முதுகு காட்டி. நடுத் தட்டில் சித்திரக்கதைகள்: சிவகாசியின் முத்து, லயன் காமிக்ஸ், சென்னையின் ராணி காமிக்ஸ். கீழே நாவல்கள். ஒன்றும் விற்பனைக்கில்லை. எடுத்துப் பார்க்கலாம், நின்று வாசிக்கலாம், அவருடைய அபிப்பிராயத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகவேண்டும்.

ஒருநாள் வினாத்தாள் பிரதி எடுக்க வந்த ஆசிரியர் ஒருவர், புதிதாக வந்த படம் ஒன்றைச் சொல்லி, "எல்லாரும் நல்லா எழுதியிருக்கினம் அண்ணே" என்றார்.

"எழுதுறதை விடுங்கோ சேர். நாடா என்ன சொல்லுது எண்டு பாக்கவேணும்."

ஒரு கசெட்டை உருவி டெக்கில் போட்டார். முதல் பாட்டு கணீரென்று வந்தது. மூன்றாவது பாட்டில் சத்தம் போர்வைக்குள் போனது போல மங்கியது. நான்காவதில் திரும்பவும் தெளிவு.

"பாத்தீங்களா? வாடகைக்குப் போய்வந்த கசெட். மூண்டாவது பாட்டைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறாங்கள். மிச்சம் பளிச்செண்டு இருக்கு. பளிச்செண்டு இருந்தா ஒருத்தரும் தொடேல்லை எண்டு அர்த்தம்."

இதுதான் அவருடைய தராசு. தேய்மானம். படம், பாட்டு, புத்தகம், சித்திரக்கதை எல்லாவற்றையும் அதில்தான் நிறுக்கிறார்.

இரும்புக்கை மாயாவியை எடுத்துக் காட்டினார். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவன்தான். இவரிடம் இருப்பது எந்தக் காலத்துப் பிரதியோ, முன்னட்டை இல்லை, கடைசித் தாள் இல்லை. "முடிவு என்னெண்டு தெரியாமலே இந்தத் தெருவில எத்தினை பேர் வாசிச்சவங்கள்! முடிவு தெரியாட்டியும் வாசிக்கச் செய்யுதே, அதுதான் கதை." பிறகு அவரே சிரித்தார். "ஆனா மாயாவிக்கு மறைய கரண்ட் வேணும். 2022இல ஒருநாள் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. அண்டைக்கு வந்திருந்தா அவர் கையைத் தூக்கிக்கொண்டு இந்த வாங்கிலதான் இருந்திருப்பார்."

வாங்கில் இருந்த நான் சற்றுத் தள்ளி இருந்துகொண்டேன்.

வானொலி என்று வந்தால் குரல் தணியும். இலங்கை வானொலியிலிருந்து நேரே பதிந்து கொடுத்த காலத்தில், கே.எஸ். ராஜாவோ அப்துல் ஹமீதோ பேசி முடிக்கும் சொல் பாட்டின் முதல் அடிமேல் விழுமாம். அதை வெட்டித் தரச்சொல்லி வந்தவர்களே, இருபது வருடம் கழித்து, அந்தக் குரலோடு சேர்ந்த பாட்டு இருக்கிறதா என்று கேட்டு வருகிறார்களாம். "பாட்டு இப்ப போனில கிடக்கு. குரல்தான் ஒருத்தரிட்டையும் இல்லை." ஜேர்மன் வானொலி ஆசியா முழுவதற்கும் அஞ்சல் செய்தது இந்தத் திருகோணமலை மண்ணிலிருந்து. "உலகத்துக்குச் சத்தம் அனுப்பின ஊர் இது. எங்கட பாட்டை நாங்கள் கொழும்பிலயிருந்து இரவல் வாங்கிக் கேட்டம்."

பொப் பாட்டில் அவருக்குச் சமரசம் இல்லை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் சிலோன் மனோகரின் 'சுராங்கனி'யும் பதிந்த கசெட்டுகளைத் தனியாக வைத்திருக்கிறார். அறுபது நிமிட நாடாவில் பதிந்தவை. தொண்ணூறில் நாடா மெல்லிசு, இழுபடும், கலியாண வீட்டுப் பாவிப்புக்குத் தாங்காது என்பது அவர் அனுபவம். "இதுகள் ரெண்டும் தேய்ஞ்சு அறுந்து, ஒட்டி, திரும்பத் தேய்ஞ்சது. இதுக்கு மேல என்ன விருது?"

மீன் வலை வாங்கிய ரசீதை லெமினேட் செய்ய நின்ற கிண்ணியாக்காரர் ஒருவர் மெல்லக் கேட்டார். "அண்ணே, நாடா தேய்ஞ்சது பாட்டாலயா, உங்கட டெக்கின்ர ஹெட் பழசாலயா?"

ஒழுங்கையே சிரித்தது. அவர் ரசீதைச் சூட்டு உருளைக்குள் விட்டார். "நானா, ஹெட்டை நான் கிழமைக்கு ஒருக்கா ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறனான்." அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் எதுவும் சொல்லவில்லை. கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த மான் ஒன்று அந்த இடைவெளியில் கடை வாசலுக்கு வந்து, டோனர் வந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போனது.

வெளிநாட்டுப் பயணிகள் வந்தால் அவர் முகமே வேறு. ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களைக் கடலுக்குள் கண்ட கதையைத் தொடங்குவார். அதே வில்சன் இயக்கி 1962இல் வந்த 'ரன் முத்து தூவ' சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். அதன் கடலடிக் காட்சிகள் இந்தக் கடல். பிறகு, கிளார்க்கும் குப்ரிக்கும் சேர்ந்து எழுதி 1968இல் வந்த '2001' படத்துக்குத் தாவுவார்.

"அந்தப் படம் நித்திரை வருது எண்டுறாங்கள். தண்ணிக்குக் கீழ போனவனிட்டைக் கேளுங்கோ. அங்க ஒருத்தரும் ஓடமாட்டான். கை எடுத்தா கை போய்ச்சேர நேரம் எடுக்கும். தன்ர மூச்சுத்தான் தனக்குக் கேக்கும். அந்த ஆள் ஆகாயத்தை எழுதேல்லை. எங்கட கடலைத்தான் ஆகாயத்தில வைச்சவர்."

பயணிகளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. நான் அன்றிரவு அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். விண்வெளி வீரர்களின் மூச்சுச் சத்தம் வரும் இடத்தில் அவரை நினைத்துக்கொண்டேன்.

ஜேன் ஆஸ்டினைப் பற்றியும் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறார். ஜேனின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின், பிரித்தானியக் கடற்படை அதிகாரி, 1852இல் பர்மாவில் இறந்து புதைக்கப்பட்டது இங்கே, புனித ஸ்டீபன் சேமக்காலையில். வழி கேட்டு வருகிறவர்களுக்குத் தாளில் கோடு கீறிக் கொடுப்பார். "அக்காவின்ர கதைகள் எல்லாம் கலியாணப் பேச்சு. ஆருக்கு எவ்வளவு வருமானம், எவ்வளவு சீதனம், முதல் பக்கத்திலயே கணக்கு வந்திடும். எங்கட ஆக்களுக்கெண்டே எழுதின மாதிரி. அதுதான் 2000இல ராஜீவ் மேனன் அதில ஒண்டை 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' எண்டு எடுக்க ஒரு இடமும் இடிக்கேல்லை."

ஊர்ப் பெருமையின் உச்சம் 'ஊசோன் பாலந்தை கதை'. திருகோணமலை இன்னாசித்தம்பி 1891இல் எழுதியது. ஐரோப்பாவின் பழைய கதை ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. இரட்டைப் பிள்ளைகள் பிரிகிறார்கள், ஒருவன் அரண்மனையில், மற்றவன் காட்டில் கரடியிடம் வளர்கிறான். "எம்.ஜி.ஆர். ரெட்டை வேசம் போட முதலே எங்கட ஊரில ரெட்டை வேசம். கரடி வேற! இதுக்குப் படம் கீறியிருந்தா முதல் காமிக்ஸ் எங்கட."

அந்த ஆசிரியர் விடவில்லை. "உங்கட தராசில பிரமிள் எங்க நிப்பார்? எங்கட ஊரில பிறந்த கவிஞர். ஊருக்குள்ள பத்துப்பேர் வாசிச்சிருப்பினமா?"

"ஒருத்தன் நூறுதரம் வாசிச்சாலும் தேய்மானம் தேய்மானம்தான் சேர்." கீழ்த் தட்டிலிருந்து பிரமிளின் தொகுப்பை எடுத்து மேசையில் போட்டார். முதுகு பிளந்து, நூல் தொங்கியது. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைத் தலைப்பாக வைத்த கவிதை இருக்கும் பக்கத்தில் தானாகவே திறந்தது.

"சரி. அப்ப மோகனாங்கி?"

அவர் நிமிர்ந்தார். மோகனாங்கி, தி.த. சரவணமுத்துப்பிள்ளை எழுதி 1895இல் வந்தது. மதுரைச் சொக்கநாத நாயக்கரை நாயகனாக வைத்த நாவல். தமிழில் வரலாற்று நாவலின் தொடக்கம் என்று பலர் சொல்வது. கல்கி 'பார்த்திபன் கனவு' எழுத நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்த காலம். 'பொன்னியின் செல்வன்' படம் வந்த 2022இல் இதே மேசையில் நின்று, "அதுக்கெல்லாம் தாய்வேர் எங்கட ஊர்க்காரன்" என்று அவர் மூன்று மாதம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

"நீங்கள் வாசிச்சனீங்களோ அண்ணே?" என்றார் ஆசிரியர்.

போட்டோக்கொப்பி இயந்திரத்தின் வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"வினாத்தாள் எத்தினை சேர் வேணும்?" என்றார் அவர்.

சில கிழமைகளுக்குப் பின் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, பள்ளிச் சீருடையோடு, ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்தாள். ஒப்படைக்குத் தேவையாம். மேசையில் வைக்கும்போது அட்டை எனக்குத் தெரிந்தது. மோகனாங்கியின் மறுபதிப்பு. முனை மடியாத, பளிச்சென்ற பிரதி.

"எத்தினை பக்கம் பிள்ளை?"

"முழுக்க அங்கிள்."

"மெஷின் சூடாக் கிடக்கு. வைச்சிட்டுப் போ, நாளைக்கு வா."

அவள் போய்க் கால்மணி நேரத்துக்குள் இரண்டு பேர் அடையாள அட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். இயந்திரம் சூடாக இல்லை.

மறுநாள் அவள் வந்தாள். கரண்ட் கூடிக் குறைகிறது என்றார். தேநீர்க் கடைக்காரர் எனக்குப் பக்கத்தில் நின்றபடி தன் மின்விசிறியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அது ஒரே சீராகச் சுற்றியது.

மூன்றாம் நாள் பிரதி தயாராக இருந்தது. புத்தகத்தையும் கட்டுத் தாளையும் கொடுத்தார். அவள் எண்ணிக் கொடுத்த காசில் பாதியைத் திருப்பித் தள்ளினார். "ஊர்ப் புத்தகம். இது போதும்." அவள் போன பிறகுதான் கவனித்தேன். இயந்திரத்தின் பின்பக்கம், அதே கனத்தில் இன்னொரு கட்டு இருந்தது. கசெட் தட்டின் பக்கம் திரும்பி நின்று, ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தினார்.

அந்த வாரம் ஒழுங்கையில் சத்தம் குறைவு. சீனன்குடா மாவாலைக்கு வந்த கப்பல் ஒன்று ஊதியதுகூட வாங்குவரை கேட்டது. வெள்ளிக்கிழமை ஆசிரியர் வந்து, இயந்திரத்தின் மேல் கிடந்த கட்டைக் கண்டுவிட்டார்.

"எப்பிடியண்ணே இருக்கு?"

படங்களுக்கும் பாட்டுகளுக்கும் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்கிறவர், சட்டைப் பையைத் தடவினார். பை வெறுமையாக இருந்தது.

"இன்னும் முடியேல்லை சேர்" என்றார்.

கட்டின் நடுவில், பாதிக்குச் சற்று முன்னதாக, கசெட் சுற்றும் பென்சில் நீட்டிக்கொண்டிருந்தது.