மணலுக்கு வாடகை இல்லாத காலம்

செங்கல்பட்டுக்காரர்களான எங்களுக்கு மாமல்லபுரம் திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் இருந்தது. அப்போதெல்லாம் உச்சிவேளைப் பேருந்தாக இருந்தால், மலையடியில் நிற்கும்போது கோயில் சோற்றுக்கு வரும் கழுகு தெரிகிறதா என்று வண்டியே ஒருபக்கம் சாயும். அதைத் தாண்டினால் வயல், சவுக்குத் தோப்பு, உப்புக் காற்று.

எண்பதுகளில் ஒத்தவாடைத் தெருவில் வெள்ளைக்காரர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள். மீனவர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை, பாய், கொசுவலை, கிணற்றடிக் குளியல். அந்த வாடகை வலை வாங்க உதவியது. 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகும் ஊர் கைமீறவில்லை. கரையில் மீனைக் கூறு கட்டித்தான் விற்பார்கள். கவலை மீனுக்கு யாரும் பேரம்கூடப் பேசமாட்டார்கள்.

அப்போதும் கூட்டம் வந்தது. மாசி மகத்துக்கு இருளர்கள் எங்கெங்கிருந்தோ குடும்பத்தோடு வந்து கடற்கரையில் குடில் போடுவார்கள். நான்கு கம்பு, சுற்றி ஒரு சேலை, அதுதான் வீடு. கன்னியம்மனைக் கும்பிட்டு, பெண் பார்த்து, பௌர்ணமி விடியலில் அலையோரத்திலேயே கல்யாணத்தையும் முடித்துவிடுவார்கள். ஊர் ஒரே இரவில் பெருத்துச் சுருங்கும். ஒருவர் வீட்டு வாடகையும் ஏறாது. இன்றும் வருகிறார்கள். நான் பார்த்தவரை, இந்தக் கரையிடம் எதையும் விலை கேட்காத விருந்தாளிகள் அவர்கள் மட்டும்தான்.

2002-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச் சாலையானது. சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம் சனிக்கிழமை ஊராகிவிட்டது. சவுக்குத் தோப்புகளில் மனைக்கல் நட்டார்கள். 2019-ல் இங்கே மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள், 2022-ல் ஊரை ஒட்டிய பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் சாலை பளபளத்தது, நிலத்தின் விலையும் சேர்ந்துகொண்டது.

ஆனால் இடம் எங்கே? கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் பாறைகள். 2010-ல் திருத்திய சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும். சட்டம் சரிதான், அது இல்லாவிட்டால் அர்ச்சுனன் தபசுப் பாறையின் முதுகிலேயே லாட்ஜ் எழும்பியிருக்கும். மிச்சமுள்ள துண்டு நிலத்துக்குத்தான் குப்பத்துப் பையனும் ரிசார்ட் முதலாளியும் போட்டி போட வேண்டியிருக்கிறது. யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டுமா?

2011 கணக்கெடுப்பில் அப்போதைய பேரூராட்சியின் மக்கள்தொகை 15,172தான். விலையை ஏற்றியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் ஞாயிறு இரவே திரும்பிவிடுகிறார்கள். வஞ்சிரம் ஹோட்டலுக்குப் போகிறது, அறை இணையத்தில் நாள் வாடகைக்குப் போகிறது. மாத வாடகைக்கு வீடு தேடுகிற சிற்பக்கூடத் தொழிலாளி திருக்கழுக்குன்றம் பக்கம் ஒதுங்குகிறார். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போன பேருந்தில் இப்போது ஹோட்டல் சீருடைக்காரர்கள் வேலைக்குப் போகிறார்கள்.

கல் கொத்துகிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் ஊருக்குள் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு கட்டித் தராமல், இன்னொரு ரிசார்ட்டுக்கு அனுமதி கொடுப்பது அநியாயம்.