ஒரே ஒரு ராஜா... ஏகப்பட்ட ராணிகள்!

சீனாவில் சிங் வம்சத்து அரண்மனையில் ராணிகளுக்குக் கிரேடு உண்டு. நம் கவர்ன்மென்ட் ஆபீஸ் மாதிரியேதான். மொத்தம் எட்டுப் படி.

உச்சியில் மகாராணி. ஒரே ஒரு போஸ்ட். வருஷச் சம்பளம் 1000 டேல் வெள்ளி. (ஒரு டேல் என்பது சுமார் 37 கிராம்.) அடுத்த படிக்கு 800, அதுவும் ஒரே போஸ்ட். அதற்கடுத்து 600, இரண்டு பேர். அப்புறம் 300, நாலு பேர். 200, ஆறு பேர். அதற்குக் கீழே 100, 50, 30 என்று மூன்று படிகள். அங்கே ஆள் கணக்கே கிடையாது. எத்தனை பேரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நம்ம பாஷையில் ‘டெம்பரரி’!

சரி, 30 டேல் வாங்குகிற பெண் 300 டேலுக்கு எப்படிப் போவது? சீனியாரிட்டியா? பரீட்சையா? ஒன்றும் கிடையாது. சக்கரவர்த்தி சாப்பிட உட்காரும்போது, ராணிகளின் பெயர் எழுதிய சின்னச் சின்ன அட்டைகளைத் தட்டில் அடுக்கி ஒருவன் நீட்டுவான். எந்த அட்டையைத் திருப்புகிறாரோ அந்த ராணிக்கு அன்று அழைப்பு. பிள்ளை பிறந்தால், அதுவும் ஆண் பிள்ளையாகப் பிறந்தால், பிரமோஷன். அந்த அட்டை தட்டில் இல்லாமல் போய்விட்டால்? அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க அதே கிரேடு. ராஜினாமா பண்ணிவிட்டு வேறு கம்பெனிக்குப் போகவும் முடியாது.

இந்த அரண்மனையை வைத்துச் சீனாக்காரர்கள் எடுத்த சீரியல்களை இப்போது நம்ம பையன்கள் செல்போனில் பார்க்கிறார்கள். ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஆம்பூரில் ஏறினால் காட்பாடி வருவதற்குள் ஒரு ராணி இன்னொரு ராணிக்கு விஷம் வைத்துவிடுகிறாள். பார்த்து முடித்ததும் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு எல்லோரும் ஒரே தீர்ப்புதான் சொல்கிறார்கள்: “பொம்பளைங்க புத்தியே இப்படித்தான் சார்!”

இல்லை சார். அது பொம்பளை புத்தி இல்லை. வீட்டுக்கு ஒரே கதவு, சாவி ஒரே ஆள் கையில். அந்த வீட்டுக்குள் யாரைப் போட்டாலும் அந்தப் புத்தி வரும். ஆதாரம் இருக்கிறது. கொஞ்சம் சீனாவில், கொஞ்சம் தஞ்சாவூரில், நிறைய நம்ம வேலூரில்.

முதலில் சீனா. 1852-ல் கீழ்ப்படி ராணியாக ஒரு பெண் அரண்மனைக்குள் வருகிறாள். 1854-ல் ஒரு படி ஏற்றம். 1856-ல் ஆண் குழந்தை. உடனே இன்னொரு படி. 1857-ல் மறுபடியும் ஒன்று. ஐந்து வருஷத்தில் மூன்று பிரமோஷன். நம்ம ஆபீஸாக இருந்தால் மொட்டைக் கடுதாசி பறந்திருக்கும். பிற்காலத்தில் சீனாவையே ஆண்ட சிஷி மகாராணி அவள்தான்.

சினிமா கணக்குப்படி அவளுக்கும் பட்டத்து மகாராணி சியானுக்கும் ஜென்மப் பகை இருக்கவேண்டும். ஒருத்தி பட்டத்து ராணி, பிள்ளை இல்லை. இன்னொருத்தி சின்ன ராணி, வாரிசைப் பெற்றவள். ஆனால் 1861-ல் சக்கரவர்த்தி செத்துப்போனதும் என்ன நடந்தது தெரியுமா? பையனுக்கு ஐந்து வயசு. அதிகாரம் எட்டு ஆண் மந்திரிகள் கைக்குப் போனது. இரண்டு ராணிகளும் கைகோத்துக்கொண்டு அந்த எட்டுப் பேரையும் கவிழ்த்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சேர்ந்தே ராஜ்யம் பண்ணினார்கள். 1881-ல் சியான் இறந்ததும், சிஷிதான் விஷம் வைத்தாள் என்று ஊர் பேசியது. ஆதாரம் ஒன்றும் கிடையாது. இரண்டு பெண்கள் இருபது வருஷம் ஒத்துப்போனார்கள் என்பதை ஊரால் ஜீரணிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அட்டையைத் திருப்புகிற கை இல்லாமல் போனதும் சண்டைக்கான காரணமும் போய்விட்டது. கவனியுங்கள்.

இப்போது வேலூர்.

கோட்டைக்கு நாம் எல்லோரும் போயிருக்கிறோம். அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில், புல்வெளியில் வேர்க்கடலை. உள்ளே திப்பு மஹால், ஹைதர் மஹால், பேகம் மஹால் என்று பெயர்கள் இருக்கின்றன. பெயரைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறோம். ஆனால் அந்த மஹால்களில் ஒரு பெரிய அந்தப்புரமே அடைபட்டுக் கிடந்தது.

திப்பு சுல்தானின் கல்யாணமே ஒரு பஞ்சாயத்துதான். 1774-ல் அப்பா ஹைதர் அலி ஒரு பெண்ணைப் பார்த்தார். ஆற்காட்டுப் பக்கத்து இமாம் சாஹிப் பக்ஷியின் மகள். அம்மாவும் அந்தப்புரத்துப் பெரிய பெண்களும் வேறு ஒருத்தியை முடிவு செய்திருந்தார்கள், ருக்கையா பானு. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரே ராத்திரியில் இரண்டு பெண்ணோடும் நிக்காஹ்! அப்பா கட்சி ஒரு மருமகள், அம்மா கட்சி ஒரு மருமகள். அந்த இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்ப்பதற்கு முன்பே எதிர்க்கட்சி ஆகிவிட்டார்கள். இதில் யார் புத்தியைக் குறை சொல்வது?

1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு போரில் மாண்டார். அரண்மனைக்குள் ஹைதர் காலத்துப் பெண்கள், திப்பு காலத்துப் பெண்கள், வேலைக்காரிகள், நடனக்காரிகள் என்று அறுநூறு பேர் வரை இருந்தார்கள். மூத்த மகன் ஃபத்தே ஹைதரின் தாயான ரோஷனி பேகமே அதோனியிலிருந்து நடனமாட வந்தவர்தான். ஜெயித்த கம்பெனிக்காரர்களுக்குத் தலைவலி. திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1802-ல் ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்களும் வந்து சேர்ந்தார்கள்.

ராஜா இல்லை. அப்படியானால் சீனாவில் நடந்த மாதிரி இங்கேயும் கதவு திறந்திருக்க வேண்டுமே? திறக்கவில்லை. சாவி கை மாறியது, அவ்வளவுதான். ஹைதர், திப்பு குடும்பங்களின் பராமரிப்புக்கு என்று உடன்படிக்கையில் தனியாகப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். அதைப் பங்கு போட்டுக்கொடுக்கும் பொறுப்பு மாரியட் என்கிற வெள்ளைக்கார ராணுவ அதிகாரியிடம் இருந்தது. யார் எந்தப் படி, யாருக்கு எவ்வளவு, எந்தப் பிள்ளையின் தாய்க்கு என்ன மரியாதை... எல்லாம் அந்தப் பட்டுவாடாக் கணக்கில். நேற்றுவரை சுல்தானின் ஒரு பார்வைக்குக் காத்திருந்த பெண்கள், இனி ஒரு கணக்கு நோட்டில் தங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் தொகைக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1806 ஜூலை 9-ல் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் கல்யாணம். மறுநாள் விடிவதற்குள் சிப்பாய்கள் கிளம்பிவிட்டார்கள். வேலூர்ப் புரட்சி! அதற்கு ஒரு காரணம், புதிய தலைப்பாகையில் சொருகச் சொன்ன தோல் குஞ்சம். ஆமாம், நம்ம ஊர்ச் சரக்கான அதே தோல்தான். கோட்டையில் திப்புவின் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள்.

அப்புறம் திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பெண்களில் பெரும்பாலோர் இங்கேயே. எந்தப் பிள்ளையைப் பெற்றதால் ஒரு படி ஏறினார்களோ, அந்தப் பிள்ளை ஆயிரம் மைலுக்கு அப்பால். ஹைதரின் மனைவி பக்ஷி பேகம் அதே 1806-ல் இங்கே இறந்தார். திப்புவின் மனைவி பாதுஷா பேகம் 1834 வரை இருந்தார். கணவன் போய் முப்பத்தைந்து வருஷம். இரண்டு பேர் சமாதியும் வேலூரில்தான் இருக்கிறது. பக்ஷி பேகம் மாமியார் தலைமுறை, பாதுஷா பேகம் மருமகள் தலைமுறை. உயிரோடிருந்தபோது எந்தக் கட்சியோ, இப்போது ஒரே ஊர் மண்.

தஞ்சாவூர் கதை இன்னும் சுவாரஸ்யம். 1855-ல் கடைசி மராட்டிய ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ராணிகள் ஒரு டஜனுக்கு மேல்! கம்பெனி வந்து ராஜ்யத்தோடு சொந்தச் சொத்தையும் சேர்த்துச் சுருட்டியது. மூத்த ராணி காமாட்சி பாயி சும்மா இருக்கவில்லை. கம்பெனி மேலேயே கேஸ் போட்டார். மெட்ராஸில் ஜெயித்தார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில், “இது அரசாங்கத்தின் செயல், கோர்ட் தலையிட முடியாது” என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் 1862-ல் சொந்தச் சொத்து ராணிகளுக்குத் திரும்பி வந்தது.

வந்த சொத்தை நிர்வாகம் செய்யும் பொறுப்பு மூத்த ராணிக்கு. சாவி மறுபடியும் ஒரே கையில்! அப்புறம் என்ன? ராணிகளுக்குள் வழக்கு. ஜீஜோயி அம்பா பாயி எதிர் காமாட்சி பாயி என்று 1868-ல் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் தீர்ப்பானது. சொத்து எல்லா விதவைகளுக்கும் கூட்டாகச் சொந்தம். நிர்வாகம் மட்டும் மூத்தவருக்கு என்றது கோர்ட். கணவன் இறந்தால் பல மனைவிகளுக்கு என்ன உரிமை என்று வக்கீல்கள் பின்னாளில் எடுத்துக்காட்டிய வழக்குகளில் இதுவும் ஒன்று. விஷம் இல்லை, சூனியம் இல்லை. ஸ்டாம்ப் பேப்பர்! சீரியல்காரர்கள் ஏன் இதை எடுக்கவில்லையோ தெரியவில்லை.

“அதெல்லாம் சரி, ராணிகள் கதைதானே? ஆம்பளைங்க இப்படிப் பண்ணுவாங்களா?” என்கிறீர்களா?

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ எக்ஸ்போர்ட் ஆபீஸில் நான் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஷிப்பிங் செக்‌ஷனில் ஏழு பேர். ஏழு பேருக்கும் மீசை. முதலாளி வருஷத்துக்கு ஒருத்தரை மட்டும் இத்தாலி கண்காட்சிக்குக் கூட்டிப் போவார். போய் வந்தவனுக்கு இன்க்ரிமென்ட். யாரைக் கூட்டிப் போவார் என்பதற்கு விதி கிடையாது. அவர் மூட்தான் விதி.

பிளேன் டிக்கெட் போடும் மாசம் வந்தால் நீங்கள் எங்களைப் பார்க்கவேண்டும். முதலாளிக்குப் பிடிக்கும் என்று ஒருத்தர் வாரம் ரெண்டு தரம் பிரியாணி பார்சலோடு வருவார், எண்ணெய்க் கத்தரிக்காய் தனி டப்பாவில். இன்னொருத்தர் சாம்பிள் ஷூவைத் தன் கைக்குட்டையால் துடைத்து வைப்பார். வீட்டில் தன் செருப்பைக்கூடத் துடைக்காதவர்.

எனக்கு அங்கே ஒரு சிநேகிதன். ஒரே ரூம், ஒரே டிபன் கேரியர். ஒரு வருஷம் நானும் அவனும்தான் கடைசி ரவுண்டில். அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு நாள் லீவு போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். “ராணிப்பேட்டையில இன்டர்வியூவுக்குப் போயிருக்கான் முதலாளி” என்று யாரோ காதில் ஓதிவிட்டார்கள். இத்தாலி போச்சு. இன்க்ரிமென்ட்டும் போச்சு.

நான் சொல்லவில்லை. ஆனால் அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், நானும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். ஒரு மாசத்தில் அவன் நிஜமாகவே ராணிப்பேட்டைக்குப் போய்விட்டான். ரூமைக் காலி செய்தபோது டிபன் கேரியரில் அவன் டப்பாவை மட்டும் கழற்றிக்கொண்டான். அப்புறம் பேச்சில்லை. அவன் அம்மா இறந்த சேதியே எனக்கு மூணாம் மனுஷன் சொல்லித்தான் தெரியும்.

பிறகு முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். முதல் வேலையாக நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்: வெளிநாட்டுப் பயணம் சீனியாரிட்டிப்படி, முறை வைத்து. இன்க்ரிமென்ட் எல்லோருக்கும் ஏப்ரலில். கீழே ஏழு பெயர், வரிசையாக. அவ்வளவுதான். அந்த வாரத்தோடு பிரியாணி பார்சல் நின்றது. காது கடிப்பது நின்றது. ஏழு பேரும் அதே ஏழு பேர்தான். மீசையும் அதே மீசைதான். காகிதம்தான் புதுசு.

கீழே ஸ்டிச்சிங் ஹாலில் அப்பர் தைக்கிற நூற்றுக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். கூலி எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் யாருக்கு என்பது மட்டும் சூப்பர்வைசர் இஷ்டம். சண்டை வந்தால் அந்த ஓவர்டைமுக்குத்தான் வரும்.

அதனால் தம்பிகளே, உங்கள் ஆபீஸில் ஒருத்தன் உங்களைப் பற்றிக் காதில் ஓதுகிறான் என்று தெரிந்தால், அவன் சட்டையைப் பிடிப்பதற்கு முன்னால், ஓதுகிற காது எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால், நோட்டீஸ் போர்டுக்கு ஒரு காகிதம் கேளுங்கள்.

அதுவும் கிடைக்காவிட்டால், முதலாளிக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் பிடிக்குமா என்றாவது விசாரித்து வையுங்கள்!