ஈரம் இறுகும்வரை

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகருக்குத் தெற்கே குன்றுகளுக்கு நடுவே இம்ப்ருனேத்தா என்றொரு சிற்றூர். நூற்றாண்டுகளாக மண்வேலைதான் அதன் பெருமை. அது இருக்கும் டஸ்கனி வட்டாரத்தின் பழைய அரண்மனைத் தோட்டங்களிலும் மேல்தளங்களிலும் எலுமிச்சை மரங்களைத் தாங்கி வரிசையாக நிற்கும் சுடுமண் பெருந்தொட்டிகளுக்குப் பேர்போன ஊர் அது.

அந்தத் தொட்டிகளுக்குச் சுமை அதிகம். எலுமிச்சை உறைபனி தாங்காது. எனவே குளிர்காலம் வருமுன் மரத்தைத் தொட்டியோடு பெயர்த்து, ‘லிமொனாயா’ என்னும் காப்பு மனைக்குள் வைப்பார்கள். வசந்தத்தில் மறுபடி வெளியே கொண்டுவருவார்கள். ஆண்டுதோறும் மரமும் மண்ணுமாக இப்படி இடம்பெயரும் தொட்டி எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும்!

அந்த உறுதி எப்படி வருகிறது? பெரிய தொட்டியைச் சக்கரத்தில் வனைவதில்லை. களிமண்ணைத் திரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கையால் இழைத்துச் சுவர் எழுப்புகிறார்கள். தொட்டி நின்ற இடத்தில் நிற்க, வனைபவர் அதைச் சுற்றி நடக்கிறார். சில திரிகள் ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். கீழ்ச்சுவர் இறுகுமுன் பாரம் ஏற்றினால் வயிறு பிதுங்கிச் சரியும். அதற்காக முழுதும் காயவிட்டாலோ புதுமண் ஒட்டாது. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தப் பதத்தை விரல்தான் சொல்லும். வனைந்து முடித்தபின் வாரக்கணக்கில் நிழலில் உலர்த்தி, சூளையில் மெல்ல மெல்லச் சூடேற்றி, ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். உள்ளே ஈரம் தங்கியிருந்தால் அது நீராவியாகித் தொட்டியைப் பிளந்துவிடும்.

குடும்பமும் இப்படித்தான் எழும்புகிறது என்பதை என் வயதில் நிறையப் பார்த்துவிட்டேன். சிலர் முதல் கடை காலூன்றுமுன் இரண்டாவது கடைக்குக் கடன் வாங்குகிறார்கள். பள்ளிக்குப் போகவே பழகாத குழந்தையை மாலையில் மூன்று வகுப்புகளுக்கு அனுப்புகிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ‘காலம் வரட்டும்’ என்றே படிப்பையும் திருமணத்தையும் தள்ளிப்போட்டு, ஆசையே வற்றிப்போனவர்களையும் அறிவேன். பொறுமை என்ற பெயரில் அவர்கள் செய்தது வெறும் தாமதம்.

ஆகவே இளையவர்களே, புதிய பொறுப்பையோ கடனையோ ஏற்குமுன் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். முன்பு ஏற்றது தாங்குகிறதா என்று ஒளிக்காமல் கேளுங்கள். தாங்கினால் அன்றே தொடங்குங்கள். தாங்காவிட்டால் ஆறு மாதம் பொறுத்து மறுபடி கேளுங்கள். அந்த ஆறு மாதத்தால் கெட்ட குடும்பம் எதையும் நான் கண்டதில்லை.