புத்தகம் கொடுக்கும் பணி

தாலந்து உவமையைக் கேட்டிராத கிறிஸ்தவ இல்லம் இருக்க நியாயமில்லை. தூரதேசம் செல்லும் எசமான் ஒருவன் தன் ஊழியர் மூவருக்கு ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளைப் பகிர்ந்து கொடுத்துச் செல்கிறான். ஒன்று பெற்றவன் அதை மண்ணிற் புதைத்து வைத்துக் கடிந்துகொள்ளப்படுகிறான். நாமும் பல வருடங்களாக ஞாயிறு பாடசாலையில் இக்கதையைச் சொல்லி வந்துள்ளோம். ஒரு தாலந்து என்றவுடன் ஏதோ சில்லறைக் காசு என்றே பிள்ளைகள் எண்ணிக் கொள்வர். நெடுங்காலம் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மையில் தாலந்து என்பது நாணயமன்று, நிறை. ஒரு தாலந்து வெள்ளி அக்காலத்துக் கூலியாள் ஒருவனின் ஏறக்குறைய 6,000 நாட் கூலிக்குச் சமம். ஓய்வுநாட்களைக் கழித்துக் கணக்கிட்டால் இருபது வருட உழைப்பு! பாவம், குறைவாகப் பெற்றவன் என்று நாம் இரங்கிய அந்த மூன்றாம் ஊழியனின் கையிலும் பெருஞ்செல்வமே இருந்திருக்கிறது.

இந்தக் கணக்கை அறிந்த பின்னரும், இன்னொருவனுடைய தாலந்தை நாமே மண்ணிட்டு மூடினோம். அதனை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம்.

எமது ஆலயம் சிறியது. பாடற் குழுவை நடத்தும் பொறுப்பு எம்முடையது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் கலைந்த பின், பதினேழு வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் ஹார்மோனியத்தருகே வந்து நின்றான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல் வரவில்லை. திக்குவாய். பாடற் குழுவிற் சேர விரும்புகிறான் என்பதை அவன் சொல்லி முடிக்க அரை நிமிடத்துக்கு மேலாயிற்று. அவனுடைய கழுத்து நரம்புகள் புடைத்திருந்ததைக் கண்டு எமக்கு இரக்கம் உண்டானது மெய்தான். சபைக்கு முன் நின்று இவன் வெட்கப்பட நேரக்கூடாது என்று எமக்கு நாமே சமாதானம் சொல்லிக் கொண்டோம். ஆனால் நத்தார்ப் பண்டிகைக்கு இன்னும் ஆறு வாரங்களே இருந்தன என்பதும், எமது குழுவின் பேர் கெட்டுவிடுமோ என்று நாம் அஞ்சினோம் என்பதும் அதைவிட மெய்.

“உமக்கு வேறொரு பொறுப்புத் தருகிறோம்” என்றோம். வாசலில் நின்று வருவோருக்குப் பாட்டுப் புத்தகம் கொடுப்பதும், முடிந்த பின் சேர்த்து அலுமாரியில் அடுக்குவதுமே அப்பொறுப்பு. அவன் தலையசைத்துச் சென்றான். மூன்று வருடங்கள் அதனையே செய்தான்.

அம்மூன்று வருடங்களிலும் நாம் ஞாயிறு பாடசாலையில் என்னென்னவெல்லாம் போதித்தோம் என்று நினைத்தால் இப்பொழுது முகம் சிவக்கிறது. யாத்திராகமத்தில் வரும் பெசலெயேலைப் பற்றிச் சொன்னோம். அவன் தீர்க்கதரிசியல்லன், ஆசாரியனுமல்லன். மரத்திலும் பொன்னிலும் வேலை செய்த கைவினைஞன். எனினும் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் அவனைக் குறிக்கிறது. டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களைப் பற்றியும் சொன்னோம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவ்வமெரிக்க வைத்தியர், தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த வைத்தியத்தைப் பின்னர் தமிழிலேயே கற்பிக்கலானார். 1873 இல் அவர் இம்மண்ணை விட்டுச் செல்லுமுன் அவரிடம் பயின்ற தமிழ் வைத்தியர் 60 பேருக்கு மேல். உடற்கூறு, இரணவைத்தியம் முதலிய துறைகளில் தமிழ் நூல்களும் அவர் முயற்சியால் வெளிவந்தன. தன் திறமையைத் தன் வசதிக்கேற்பவன்றி மக்களின் தேவைக்கேற்பப் பயன்படுத்திய பெரியார் என்று அவரை நாம் வியந்து பேசிக்கொண்டிருந்தபோது, கதவோரத்தில் அந்த இளைஞன் புத்தகங்களை அடுக்கிக் கொண்டிருந்தான்.

மூன்றாம் வருடத்து நத்தார்க் காலத்தில், வழமைபோல் இரவில் வீடு வீடாகப் பாடச் சென்றோம். ஒரு வீட்டில் தேநீர் அருந்திவிட்டு அடுத்த வீட்டுக்கு ஒழுங்கை வழியே நடந்து கொண்டிருந்தோம். எல்லாரும் களைத்து மௌனமாயிருக்க, பின்னால் இருளில் யாரோ தனியே மெல்லப் பாடுவது கேட்டது. சுருதி சற்றும் விலகாத குரல். சொற்கள் ஒன்றையொன்று தொட்டு நீர்போல் ஓடின. எமது குழுவில் இப்படிப் பாடுபவர் யாருமில்லையே என்று திரும்பி மின்சூளை உயர்த்தினோம். அவன்தான், தேநீர்க் கேத்திலைத் தூக்கி வந்தவன். வெளிச்சம் முகத்திற் பட்டதும் பாட்டு நின்றுவிட்டது.

திக்கிப் பேசுவோர் பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் அப்படியே. இது வைத்தியர்கள் நன்கறிந்த விடயம். எமக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் பின்னர் இதைப் பிரஸ்தாபித்தபோது, “அவனை ஒரு அடியாவது பாடச் சொல்லிக் கேட்டீர்களா?” என்று கேட்டார். நாம் கேட்கவில்லை. பாட வந்தவனைப் பேச வைத்துப் பரீட்சித்து அனுப்பியிருந்தோம்!

அடுத்த ஞாயிறு அவனை அழைத்து, குழுவில் வந்து சேரும்படி வேண்டினோம். அவன் துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தோம். அவனோ தரையைப் பார்த்தபடி நின்றான்.

“பு... புத்தகம் ஆர் குடுக்கிறது, மாஸ்டர்?”

அதை யாரும் கொடுக்கலாம் என்று சொல்லிச் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை, எம்மை அலுமாரியடிக்கு அழைத்துச் சென்றான். அங்கே ஒன்பது புத்தகங்கள் தனியே அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் கடுதாசித் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. சனிக்கிழமை மாலையிலேயே போதகரிடம் பாட்டு இலக்கங்களைக் கேட்டறிந்து, பார்வை மங்கிய முதியோருக்காகப் பக்கங்களை அடையாளமிட்டு வைப்பானாம். எழுத்துப் பெரிதாயுள்ள பழைய பதிப்புகள் இன்னின்னாருக்கு. பாரிசவாதத்தால் ஒரு கை விழுந்த பெரியவருக்கு, மட்டை தளர்ந்து தானாகவே விரிந்து நிற்கும் புத்தகம். கடைசிப் புத்தகம் மூன்றாம் வாங்கில் அமரும் ஆச்சிக்கு.

“ஆச்சிக்கு வா... வாசிக்கத் தெரியாது” என்றான்.

இருபது வருடங்களாக அந்த ஆச்சியோடு ஒரே ஆலயத்தில் ஆராதிக்கிறோம். அது எமக்குத் தெரியாது. பாட்டுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆயினும் எல்லாரும் புத்தகம் ஏந்தி நிற்கையில் தாம் மட்டும் வெறுங்கையோடு நிற்பது அவருக்குக் குறையாயிருந்ததாம். ஆகவே சரியான பக்கத்தை விரித்து அவர் கையிற் கொடுப்பதும், அடுத்த பாட்டுக்குத் துண்டைப் பிடித்துப் புரட்டப் பழக்கியதும் இவன் செய்த ஏற்பாடு. எவரும் கேட்டதுமில்லை, எவருக்கும் அவன் சொன்னதுமில்லை.

அவனுக்கு நாம் கொடுத்தது ஒரு தட்டிக்கழிப்பு. அதை அவன் என்னவாக ஆக்கி வைத்திருக்கிறான் என்று பார்த்து நாம் வாயடைத்து நின்றோம். குரலைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையும் அந்த அலுமாரியடியில் அடங்கிப் போயிற்று.

புத்தகம் கொடுக்கும் வேலையை நாமே ஏற்போம், நீர் பாட வாரும் என்றோம். உடனே அவன் சம்மதிக்கவில்லை. இரண்டு ஞாயிறுகள் எம்மை அருகே நிறுத்திப் பழக்கினான். பாடற் குழுத் தலைவர் வாசலில் நின்று புத்தகம் கொடுப்பது அழகல்ல என்று செயற்குழுவில் ஒருவர் முணுமுணுத்தார். ஆராதனை தொடங்கும்வரை வாசல், பின்னர் ஹார்மோனியம் என்று ஒருவாறு ஒழுங்காயிற்று.

அவன் முதன்முதலாகக் குழுவில் நின்ற ஞாயிறன்று நாம் தனியே வாசலில் நின்றோம். ஆச்சி வந்தார். பக்கத்தை விரித்துப் பணிவோடு நீட்டினோம். அவர் வாங்கி, தாள்களின் விளிம்பை விரலாற் தடவிப் பார்த்தார், மறுபடியும் தடவினார்.

“மற்றப் பாட்டுக்குத் துண்டு வைக்கேல்லையோ தம்பி?” என்றார்.

மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. நாம் அலுமாரியை நோக்கி ஓடினோம்.