யாரும் விரட்டாத ஓட்டம்

வீட்டில் நான் சொன்னது, புளியறை தட்சிணாமூர்த்தி கோயிலுக்குப் போகிறேன் என்று. முழுப் பொய் இல்லை. கோயில் அங்கேதான் இருக்கிறது. வியாழக்கிழமை சாமி கும்பிட்டு, மறுநாள் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறோம், தோழிகள் நான்கு பேர் என்றேன். மாமியார் உடனே சரி என்றார். பையின் அடியில், சேலைகளுக்குக் கீழே, ஓடுவதற்கான ஷூவைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தேன். நாற்பத்து மூன்று வயதில் ஒரு ஜோடி ஷூவை ஒளித்து எடுத்துப்போனேன்.

யோசித்துப் பார்த்தால், பெண்கள் வெளியே போவதற்கு எங்கள் வீட்டில் தடையே கிடையாது. கோயிலுக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சர்க்கரை வந்து டாக்டர் சொன்னால் காலையில் நடக்கக்கூடப் போகலாம். காரணம் ஒன்று கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'காட்டோரமாக ஓடினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது' என்பது காரணமாகாது.

மதுரையிலிருந்து விடியுமுன் கிளம்பினோம். கார் ஓட்டியவள் எங்களில் மூத்தவள். ராஜபாளையம் தாண்டியதும் வலப்பக்கம் மலை கூடவே வர ஆரம்பித்தது. புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. செங்கோட்டையை ஒட்டி 'பிரானூர் பார்டர்' என்று ஓர் இடம். அங்கே இன்று எந்த எல்லையும் இல்லை. செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்து எல்லை அது. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்ததும் எல்லை மேற்கே புளியறைப் பக்கம் நகர்ந்துவிட்டது. பெயர் மட்டும் பரோட்டாக் கடைப் பலகைகளில் மிச்சம். கோடு போனபிறகும் 'பார்டர்' என்றே சொல்லிப் பழகியவர்கள் நாங்களும்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்கால். ஜூலை மாதத்துச் சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று தென்னை மட்டைகளை ஒரே பக்கமாகச் சீவிவிட்டிருந்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகக் கூடாது என்பதால் குளத்தங்கரை, வாய்க்கால் வரப்பு, மலையடிவாரத்து வண்டிப்பாதை என்று எட்டு கிலோமீட்டருக்கு வழி வகுத்திருந்தோம். ஓர் ஆண் இப்படி ஓடக் கிளம்பினால் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்வான். நாங்கள் தண்ணீரோடு விசில், மிளகாய்த்தூள் பொட்டலம், நான்கு போனிலும் இருக்குமிடத்தைக் காட்டும் வசதி, டி-ஷர்ட்டுக்கு மேல் ஒரு துப்பட்டா எல்லாம் எடுத்துக்கொண்டோம். முதல் கிலோமீட்டரிலேயே துப்பட்டா நனைந்து கழுத்தைச் சுற்றியது. கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

மண்பாதையில் ஓடுவது தார்ச்சாலையில் ஓடுவது போல இல்லை. அடியைச் சின்னதாக வைக்க வேண்டும். கண் காலடியில் இல்லாமல் மூன்றடி முன்னால் இருக்க வேண்டும். ஏற்றத்தில் நடந்தால் அவமானமில்லை. வழுக்கும் இடத்தில் கைகளை விரித்துக்கொள்ளலாம். கைகளை விரித்துக்கொண்டு, மார்பு குலுங்குவதைப் பற்றி நினைக்காமல், எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஓடுகிறேன் என்று கணக்குப் போட்டேன். முப்பது.

வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"யாத்தே, யாரு வெரட்டுதா ஒங்கள?"

"யாரும் வெரட்டலக்கா. சும்மாதான் ஓடுதோம்" என்றாள் எங்களில் தென்காசிக்காரி.

"சும்மாவா?" வயலே சிரித்தது. வயதான ஒருவர், "எங்களுக்கு நடக்கதுக்கே சீவன் இல்ல, நீங்க சும்மா ஓடுதியளா தாயி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சுருக்கென்றது. இளையவர் ஒருவர் என் ஷூவைப் பார்த்து விலை கேட்டார். பாதி விலையைச் சொன்னேன். அந்தப் பாதியே அவருக்குப் பல நாள் கூலி. அந்தப் பயணத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

அவரே பிறகு சொன்னார்: "நான் பள்ளிக்கூடத்துல நானூறு மீட்டர்ல ஃபர்ஸ்ட்டு. பெரிய மனுசியானதுக்கு அப்புறம் விடல."

எனக்கும் அதேதான் நடந்தது. எட்டாம் வகுப்பில் விளையாட்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு. ஆனால் அவரும் நானும் ஒன்று என்று எழுதிவிட மாட்டேன். ஓட்டம் நின்றபின் நான் கல்லூரிக்குப் போனேன், அவர் வயலுக்குப் போனார். நிறுத்திய கை ஒன்று. நின்ற இடங்கள் வேறு.

அந்தக் கைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பெண் உடம்பு தாங்காது என்று சொல்லி அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். 1960-இல்தான் அது திரும்பி வந்தது. அதே 800 மீட்டரில் 2006 தோஹா ஆசியப் போட்டியில் வெள்ளி வென்றவர் புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல்சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண் சாந்தி சௌந்திரராஜன். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். மெதுவாக ஓடினால் 'பெண்ணால் முடியாது', வேகமாக ஓடினால் 'நீ பெண்ணே இல்லை'. நமக்கென்று வைத்திருக்கும் பாதை அவ்வளவு குறுகலானது.

கிளம்பும்போது அவரிடம், "கொஞ்ச தூரம் வாறியளா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபின்தான் அபத்தம் உறைத்தது. கையில் நாற்றுக்கட்டு, முழங்கால் வரை சேறு. "கூலி யாரு குடுப்பா?" என்று சிரித்தபடி குனிந்துகொண்டார். அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. பெண்கள் காரணமில்லாமல் நடமாடும் உரிமை என்று பேசும்போதெல்லாம் அந்தக் குனிந்த முதுகு நினைவுக்கு வருகிறது. வர வேண்டும்.

வீடு திரும்பி மாமியாரிடம் திருநீற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பையைப் பிரித்த மகள் செம்மண் ஒட்டிய ஷூவைத் தூக்கிக் காட்டினாள். அவளுக்குப் பதினான்கு வயது. பள்ளி ஓட்டப்பந்தயத்திலிருந்து தானாகவே விலகிக்கொண்டவள்.

"கோயில்ல அவ்ளோ சேறாம்மா?"

மூன்றாவது பொய் வாய்வரை வந்தது. "ஓடினேன். எட்டு கிலோமீட்டர்" என்றேன், கூடத்துக்குக் கேட்கும்படி.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. இரவு பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார். "கால் வலிக்குதா?" என்றார்.

ஷூ இப்போது வாசலில், எல்லோர் செருப்புகளோடும் கிடக்கிறது.