ஊசி எங்கே, நூல் எங்கே?

நம் வீடுகளில் அலமாரியின் மேல் தட்டிலே அழகான பிஸ்கோத்து டின் ஒன்று இருந்தால், அதற்குள் பிஸ்கோத்து இராது. ஒவ்வொரு குழந்தையும் என்றாவது ஒரு நாள் கண்ணீருடன் கற்றுக்கொள்ளும் பாடம் இது. சிக்குப் பிடித்த நூல், ஜோடியை இழந்த பொத்தான்கள், துருவேறிய ஊசிகள், எவருடைய ரவிக்கையிலிருந்தோ எந்தக் காலத்திலோ கழன்ற கொக்கி, பாதி பல் உதிர்ந்த ‘ஜிப்’ - இவ்வளவும் ஒன்றையொன்று கட்டிப் புரண்டுகொண்டு அதற்குள் வாசம் செய்கின்றன. இந்தக் கூட்டத்துக்குத்தான் நாம் ‘தையல் பெட்டி’ என்று கௌரவமாகப் பெயர் சூட்டியிருக்கிறோம்.

சட்டைக்கு ஒரு பொத்தான் தைக்க ஐந்து நிமிஷம் போதும். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஊசியையும், சட்டைக்கு ஒத்த நிறமுள்ள நூலையும், அளவொத்த பொத்தானையும் வெளியே கொண்டு வருவதற்கு அரைமணி ஆகிறது. ஆகவே சட்டை நாற்காலியின் முதுகிலே ஒரு வாரம் தொங்குகிறது. பிறகு பழந்துணி மூட்டைக்குப் போய்ச் சேருகிறது. பெண்களுக்குத் தையல் தெரியாமற் போனதால் வீட்டுத் தையல் அருகிவிட்டதாகச் சிலர் வருத்தப்படுகிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பொத்தான் தைக்கத் தெரியாதவர்கள் வெகு சிலரே; பொத்தான் இருக்கும் இடம் தெரியாதவர்கள்தான் அநேகம் பேர். (ஆண்கள் ஏன் தைக்கக் கூடாது என்று எவரேனும் கேட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். கடைத் தெருவில் காசு வாங்கிக்கொண்டு தைப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தாமே?)

யந்திரங்களின் மீது மகாத்மா காந்திக்கு இருந்த சந்தேகம் யாவரும் அறிந்ததே. அப்படிப்பட்டவர் 1924-ஆம் வருஷத்தில், டில்லியில் நடந்த ஒரு சம்பாஷணையின்போது, தையல் மிஷினுக்கு மாத்திரம் விலக்களித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப் போவதைக் காணச் சகியாமல் சிங்கர் என்பவர் அதைக் கண்டுபிடித்தார் என்பதும், அன்பில் பிறந்த யந்திரம் ஆகையால் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்பதும் அவர் கூறியதன் சாரம். சரித்திரம் இந்த இடத்தில் கொஞ்சம் முரண்டு செய்கிறது. எலியாஸ் ஹோ என்ற அமெரிக்கர் 1846-லேயே தையல் மிஷினுக்கு உரிமைச் சாசனம் பெற்றுவிட்டார். சிங்கர் அதைச் சீர்திருத்தித் தம் பெயரில் சாசனம் பெற்றது 1851-ல். தவிரவும், ஐஸக் சிங்கருடைய இல்லற வாழ்க்கையைப் படித்தவர்கள் அவரை ஏகபத்தினி விரதத்துக்கு உதாரணமாகச் சொல்லத் துணிய மாட்டார்கள். இருந்தாலும், கதையை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், மகாத்மா சொன்னது சரி. வீட்டில் தைப்பவளுடைய அலுப்பைக் குறைக்காத யந்திரமும் யோசனையும் எதற்காக?

அலுப்பைக் குறைக்கும் யோசனைகளில் நான் கண்டவற்றுள் சிறந்தவை கும்பகோணத்தில் என் அத்தை வீட்டில் இருக்கின்றன. அத்தைக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. இளம் வயதில் கணவரை இழந்து, கையால் சுற்றும் ஒரு தையல் மிஷினை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். ஆறு வருஷங்களுக்கு முன்பு அவளுக்குக் கண்ணில் ‘கிளாக்கோமா’ என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அரித்துவிடும் வியாதி அது. கண்ணில் படலம் விழுந்தால் சத்திர சிகிச்சை செய்து பார்வையை மீட்கலாம்; இதில் போன பார்வை போனதுதான். மிஞ்சியிருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் இருவரும் நல்லவர்கள். “இனிமேல் அம்மா தைக்க வேண்டாம், உட்கார்ந்து சாப்பிடட்டும்” என்று தீர்மானித்தார்கள். மிஷினைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்றும் பேச்சு எழுந்தது. அத்தை ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. “தராசு கொண்டு வருவான் அல்லவா? என்னையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள்” என்று மட்டும் சொன்னாள். மிஷின் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மறு நாள் அவள் செய்த முதல் காரியம், சமையலறைப் பரணிலிருந்து பழைய அஞ்சறைப் பெட்டி ஒன்றை இறக்கச் சொன்னது. விளக்கு அணைந்து போனாலும் நம் பெண்களின் கை கடுகைத் தவறவிட்டு மிளகை எடுப்பதில்லை. கிண்ணங்கள் இடம் மாறாமல் இருப்பதுதான் இதன் ரகசியம். அந்த ரகசியத்தைத் தையலுக்கு மாற்றிக்கொண்டாள் அத்தை. நடுக் கிண்ணத்தில் சட்டைப் பொத்தான், அதற்கு வலப்புறம் ரவிக்கைக் கொக்கி, அடுத்தது கொக்கி மாட்டும் வளையம், பிறகு ‘பிரஸ் பட்டன்’, பிறகு ஊக்கு, பிறகு மிஷின் பாபின்கள், கடைசிக் கிண்ணம் அகப்பட்டதையெல்லாம் போடுவதற்கு. இந்தக் கடைசிக் கிண்ணத்தை அலட்சியமாக நினைக்க வேண்டாம். ‘பிற’ என்று ஓர் இடம் ஒதுக்காத ஒழுங்கு எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பதில்லை. பெட்டிக்கு மூடியில் ஓர் அடையாளம் உண்டு. அது எப்போதும் அத்தையின் பக்கமாகவே இருக்க வேண்டும். துடைக்கிறேன் என்று எடுத்துத் திருப்பி வைத்துவிட்டால் மருமகள் பாடு ஆபத்துத்தான்.

நூல் கண்டுகளின் விளிம்பிலே கத்தியால் கீறல் போட்டு வைத்திருக்கிறாள்: ஒரு கீறல் வெள்ளை, இரண்டு கறுப்பு, மூன்று சிவப்பு. மற்ற நிறங்களுக்கு யாரையாவது கேட்டுக்கொள்வாள்.

இனி, ஊசியில் நூல் கோக்கும் பிரச்னை. பட்டினத்தாரைத் துறவியாக்கியது காதற்ற ஊசி என்பார்கள். காதுள்ள ஊசியும் கண் மங்கியவர்களைத் துறவின் எல்லை வரையில் கொண்டு விட்டுவிடும். பேத்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காரியம் செய்துவிட்டுப் போகிறாள். வெள்ளை நூல் கண்டின் முனையைச் சாய்வாகக் கத்தரித்து, அதில் ஒன்றன் பின் ஒன்றாகப் பன்னிரண்டு ஊசிகளைக் கோத்து, நுனியில் முடி போட்டு, ஊசிகளை வரிசையாகப் பஞ்சுத் திண்டில் குத்தி வைக்கிறாள். மாலையில் பூக் கோத்தது போலப் பன்னிரண்டு ஊசிகளும் ஒரே நூலில் இருக்கும். அத்தைக்குத் தைக்க வேண்டியபோது நுனியிலுள்ள முதல் ஊசியை எடுத்து, ஒரு முழம் நூலை இழுத்து, மற்றப் பதினொன்றையும் பின்னால் தள்ளிக் கத்தரித்துக்கொள்கிறாள். மிச்ச நூலின் நுனியில் மறுபடி ஒரு முடி. வாரம் முழுவதும் யாரையும் கூப்பிட வேண்டுவதில்லை. “கொஞ்சம் ஊசி கோத்துக் கொடேன்” என்று நாளைக்குப் பத்துத் தரம் கேட்பது எவ்வளவு கூசும் என்பதை, கேட்டவர்கள்தான் அறிவார்கள்.

ஒரு முழத்துக்கு மேல் நூல் எடுக்கக் கூடாது என்பது அவளுடைய இன்னொரு விதி. நீள நூல் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அது முறுக்கேறிச் சிக்கும், துணியில் உராய்ந்து நைந்தும் போகும். மெழுகுவர்த்தித் துண்டின்மேல் ஒரு முறை நூலை இழுத்துவிட்டால் சிக்கு பாதி குறைந்துவிடும்.

பன்னிரண்டு என்ற கணக்குக்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த வீட்டில் இப்போது தவழும் குழந்தை ஒன்று இருக்கிறது. பாயிலே விழுந்த ஊசி என்ன செய்யும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. உபயோகித்த ஊசியைத் திண்டின் மறுபுறத்தில் குத்த வேண்டும். பெட்டியை மூடுமுன் இரு புறமும் விரலால் தடவி எண்ண வேண்டும். பன்னிரண்டு வராவிட்டால் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டுவிடுவார்கள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை நூலில் கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பாயின்மேலும் தரையின் மேலும் இழுத்துக்கொண்டு போனால், ஊசி தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. விளக்கு வைத்த பிறகு ஊசியை எவருக்கும் கொடுக்கக் கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னதை மூட நம்பிக்கை என்று நான் சிரித்ததுண்டு. மங்கிய வெளிச்சத்தில் கை மாறும் ஊசி தரைக்குப் போகும் என்பதைத்தான் லக்ஷ்மியின் பெயரால் சொல்லி வைத்தார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

திண்டுக்குள் தலைமயிரை அடைத்தால் அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் ஊசி துருப்பிடிக்காது என்று தைப்பவர்கள் சொல்வதுண்டு. அத்தையிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவள் முகம் போன போக்கைக் கண்டு பேச்சை மாற்றினேன். கம்பளித் துண்டுகளை அடைத்தாலும் நல்லதே.

கத்தரிக்கோலைப் பற்றி ஒரே வார்த்தை. துணிக்கு உரியதால் காகிதத்தை வெட்டக் கூடாது. வெட்டினால் கூர் மழுங்கும். இதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லிப் பயனில்லை. பிடியில் சிவப்பு நாடா கட்டிப் பூட்டி வைப்பதே வழி.

பணம் கொடுத்து வாங்கத் தேவையில்லாத சாமான்களும் சில உண்டு. குளித்துக் குளித்துத் தகடாய்த் தேய்ந்த சோப்புத் துண்டை உலர்த்தி வைத்துக்கொண்டால், கறுப்புத் துணியில் கோடு போடுவதற்கு அதைவிட நல்ல சாக்குக்கட்டி கிடையாது. துவைத்ததும் கோடு மறைந்துவிடும். தடித்த துணியில் ஊசி இறங்க மறுத்தால் அதே சோப்பில் ஒரு முறை குத்தி எடுக்கலாம். நன்றாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் பிரித்து, துண்டு துண்டாகப் பத்திரிகைக் காகிதத்தின்மேல் பரப்பி வெட்டி வைத்துக்கொண்டால், பிறகு அளவெடுக்கும் வேலையே இல்லை. காரசாரமான தலையங்கம் ஒன்று கைக் குழியாக மாறுவதைப் பார்ப்பதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

ஒரே மாதிரிப் பொத்தான்களை ஊக்கு ஒன்றில் கோத்து வைத்தால் சிதறுவதில்லை. இந்த ஊக்கை 1849-ல் அமைத்துச் சாசனம் பெற்ற வால்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர், அந்த உரிமையை நானூறு டாலருக்கு விற்றுவிட்டார். ஹோவுக்கு முன்னதாகவே தையல் மிஷின் ஒன்றைச் செய்துவிட்டு, அதற்குச் சாசனம் கேளாமல் சும்மா இருந்தவரும் அவரே. மனுஷருக்குப் பணத்தில் அவ்வளவு சிரத்தையில்லை போலும்.

பொத்தானைத் துணியோடு ஒட்டித் தைப்பது தவறு. பொத்தானுக்கும் நூலுக்கும் இடையில் தீக்குச்சி ஒன்றை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, பொத்தானுக்கு அடியிலுள்ள நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு காம்பு போல் ஆக்கி முடி போட வேண்டும். மறு புறத்துத் துணி உட்கார இடம் கிடைக்கும்; பொத்தானும் சீக்கிரம் அறாது.

சேலைக்கு அடியில் ‘பால்ஸ்’ பட்டை தைப்பதில் அநேகர் செய்யும் தவறு, கடையிலிருந்து வந்த பட்டையை அப்படியே வைத்துத் தைப்பது. முதல் தோய்ப்பிலேயே பட்டை சுருங்கும், சேலை சுருங்காது. கொசுவத்தின் கரை குழந்தை அழப் போவது போல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும். பட்டையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே ஊசியை எடுக்க வேண்டும். ரவிக்கையின் உள்துணிக்கும் கதருக்கும் இதே சட்டம். கதர்த் துணியை நனைக்காமல் தைத்துவிட்டு, பிறகு கதரைத் திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டையின் மேல் ஓரத்தைத் தைக்கும்போது சேலையின் ஓரிரண்டு இழைகளை மட்டுமே ஊசியில் எடுத்தால் வெளிப்புறத்தில் தையல் தெரியாது.

கிழிசலைத் துவைப்பதற்கு முன்னரே தைத்துவிட வேண்டும். விரல் நுழையும் கிழிசல், கல்லில் அடித்தாலும் சரி, வாஷிங் மிஷினில் சுழன்றாலும் சரி, கை நுழையும்படி ஆகித்தான் திரும்பும். அழுக்குக் கூடைக்குப் பக்கத்தில் சிறு துணிப்பை ஒன்றைத் தொங்கவிட்டு, கிழிந்ததை மட்டும் அதில் போடச் சொன்னால், வாரத்தில் ஒரு மத்தியானத்தில் அவ்வளவையும் முடித்துவிடலாம்.

மிஷின் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஊசியில் 90/14 என்பது போல் எண் போட்டிருக்கும். 90 என்பது தண்டின் கனம் 0.90 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். மெல்லிய துணிக்கு 75/11, சாதாரணப் பருத்திக்கு 90/14, தடித்த துணிக்கு 100/16. மாற்றும்போது, நூல் எந்தப் பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைகிறதோ, ஊசியின் நீண்ட பள்ளம் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். எண்ணெய் விட்ட அன்று நல்ல துணியைத் தொடாமல், கந்தைத் துணியில் நாலு வரி ஓட்டி, எண்ணெய்க் கறை விழுவது நின்ற பிறகே தைக்க ஆரம்பிக்கலாம். அத்தை அந்தக் கந்தையை மோந்து பார்த்தே, சரி, கொண்டு வா என்கிறாள்.