புள்ளிகளின் இசை

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கட்டுரை ஏட்டில் பக்கம் முழுதும் புள்ளிகள் இட்டிருந்தான். "என்ன கிறுக்கல் இது?" என்று கடிந்தேன். "விண்மீன்கள், ஐயா" என்றான் மெல்ல.

அன்றிரவு, முன்பு கேட்ட ஒரு பியானோ இசை நினைவுக்கு வந்தது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1974-75இல் இயற்றிய 'எட்யூட்ஸ் ஆஸ்ட்ரேல்ஸ்'. தென்வானத்து விண்மீன் வரைபடங்களின்மேல் ஒளிபுகும் தாளை வைத்துப் புள்ளிகளைப் படியெடுத்தார், அவையே சுரங்களாயின. மொத்தம் 32 பயிற்சிகள். இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனி இசை. மெட்டைத் தேடிய என் செவி முதலில் சலித்தது. பின்னர், சுரங்களுக்கு இடையிலிருந்த மௌனமும் வானமாய் விரிந்தது.

மறுநாள் அந்தப் பக்கத்தைக் கேட்டேன். கிழித்துவிட்டானாம்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, கடியுமுன் ஒரு கேள்வி கேட்போமே!